ச ப க: எங்கள் பள்ளிக்கு வயோலா வந்த மூன்று நாட்கள்

போன ஆனி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரி வகுப்பறைக்குள் எறிந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் பள்ளிக்கு ஒரு வயோலாக் கலைஞர் வந்து மூன்று நாள் நின்றார். வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த தந்தி வாத்தியம். ஐரோப்பாவில் தனிக் கச்சேரிகள் செய்கிறவர். எங்கள் பழைய மாணவி ஒருத்தி அங்கே குடியேறியிருக்கிறாள். அவளுடைய மகனுக்கு அவர்தான் வாத்தியம் சொல்லிக் கொடுக்கிறார். கொழும்புக்கு ஒரு நிகழ்ச்சிக்காக வருகிறவரை, "எங்கட பள்ளிக்கூடத்துக்கும் ஒருக்கா போங்கோ" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் யாழ்தேவி ரயிலில் ஏறி, தோளில் ஒரு நீளப் பெட்டியோடு கிளிநொச்சியில் வந்து இறங்கிவிட்டார்.

நான் ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். வயலின்தான் என் வாத்தியம். அந்த மூன்று நாளுக்குப் பிறகு வேறு பள்ளிகளில் இருக்கும் ரீச்சர்மார் சிலர், "இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்யவேண்டும், எதைக் கேட்கவேண்டும்" என்று விசாரித்தார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கச்சேரி அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளிடம் தங்கி நிற்பது மற்ற இரண்டரை நாளில் நடந்தவைதான். அதனால் யாராவது வருகிறார் என்றால் முதலில் நாட்களைக் கேளுங்கள். ஒரு நாள் என்றால் அது வரவேற்பிலும் படம் எடுப்பதிலுமே போய்விடும்.

வருவதற்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் பிள்ளைகள் எந்தச் சுருதியில் வாசிக்கிறார்கள்?" என்பது. வழக்கமாக நாங்கள் ஐந்தரைக் கட்டைக்குச் சுருதி கூட்டுவோம். கட்டை என்பது ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு. அதை எழுதினேன். "ஐந்துக்கு இறக்க முடியுமா?" என்று கேட்டார். ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. வயோலாவின் நான்கு தந்திகளும் மேலைநாட்டுக் கணக்கில் சி, ஜி, டி, ஏ. நாங்கள் ஐந்து கட்டைக்கு, அதாவது ஜி-க்கு, ச-ப-ச-ப என்று கூட்டினால், எங்கள் நான்காம் தந்தியின் மந்தர (கீழ் ஸ்தாயி) ச-வும் மூன்றாம் தந்தியின் மந்தர ப-வும் அவருடைய நடு இரண்டு தந்திகளோடு அப்படியே ஒட்டிவிடும். ஒரு அரைக் கட்டை விட்டுக்கொடுத்ததில் இரண்டு சங்கீதத்துக்கும் ஒரே தரை கிடைத்தது. இது போல யாராவது வருவதென்றால் சுருதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வந்த பிறகு 9 வயலினைத் திரும்பக் கூட்டுவதற்கு ஒரு காலைநேரம் போய்விடும்.

நானும் அவரிடம் ஒன்று கேட்டேன். மேடையில் எங்கள் பிள்ளைகளைப் "போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள்" என்று அறிமுகப்படுத்த வேண்டாம் என்று. வன்னி என்றால் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். என் வகுப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் 2009-க்குப் பிறகு பிறந்தவர்கள். வீட்டில் அந்தக் கதைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சங்கீத வகுப்புக்கு வருகிற பிள்ளை சங்கீதம் படிக்கிற பிள்ளையாகத்தான் வரவேண்டும். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "நான் வயலின் மாணவர்களைப் பார்க்க வருகிறேன்." அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நாள் கச்சேரி. வேப்பமரத்தின் கீழே மேடை போட்டால் படங்கள் வடிவாக வரும் என்று எல்லோரும் சொன்னோம். அவர் மரத்தடியில் நின்று ஒருதரம் கை தட்டினார். பிறகு மண்டபத்துக்குள் போய்த் தட்டினார். பிறகு பழைய அரைச்சுவர் வகுப்பறைத் தொகுதிக்குள் நின்று தட்டினார். அங்கேதான் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. திறந்த வெளியில் தந்தி வாத்தியத்தின் ஒலியைத் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை, காற்றோடு போய்விடும். சரி, நடுத் தட்டிகளை எடுத்துவிட்டு மூன்று வகுப்பை ஒன்றாக்கினோம். சீமெந்துத் தரையில் பிள்ளைகள், பின்னால் கதிரையில் பெற்றோர்.

ஒலிபெருக்கிக்காரர் மைக்கைக் கொண்டுவந்து வைத்து எக்கோவையும் கூட்டியிருந்தார். நல்ல மனசோடு செய்தது. ஆனால் அதில் வயோலா, கோயில் திருவிழாவில் தூரத்து நாதஸ்வரம் போலக் கேட்டது. மைக்கைப் பேச்சுக்கு மட்டும் வைத்துவிட்டு வாசிப்புக்கு நிறுத்தினோம். 300 பிள்ளைகளுக்கு மைக் இல்லாமல் கேட்குமா என்று அதிபர் சேர் பயந்தார். கேட்டது. முதல் இரண்டு நிமிடம் கசமுசா. அவர் சத்தத்தைக் கூட்டவில்லை, இன்னும் மெல்ல வாசித்தார். முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் பின்னால் திரும்பி "ஷ்ஷ்" என்றார்கள். அப்புறம் வெளியில் காகம் கத்துவதுகூடக் கேட்டது.

முதலில் வாசித்தது பாக் எழுதியது. தனிச் செல்லோவுக்காக 1720-ஐ ஒட்டிய வருடங்களில் எழுதப்பட்ட ஆறு தொகுதிகளில் முதலாவதின் தொடக்கப் பகுதி. வயோலாக்காரர்கள் அதை ஒரு ஸ்தாயி மேலே வைத்து வாசிப்பார்கள். இரண்டரை நிமிடம் இருக்கும். வில் மூன்று தந்தியில் உருண்டு உருண்டு போகிறது. விரல் வைக்காத திறந்த தந்தி இரண்டு, அதற்கு மேலே ஒரு விரல். என் பக்கத்தில் இருந்த ஒன்பதாம் தரத்துப் பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ரீச்சர், இது ச ப க எல்லோ!"

அதுதான். கீழ் ச, ப, மேலே க, பிறகு ரி, க, ப, க, ப. ஐந்து கட்டைக்கு இறக்கி ஒரு மாதமாக அந்தச் சுருதியிலேயே பழகியிருந்ததால், மேலைநாட்டுச் சங்கீதம் என்று தள்ளி நிற்காமல், தன் வீட்டு முற்றம் போல அவள் அதற்குள் போய்விட்டாள். கொஞ்சம் போனதும் பின்வரிசையில் ஒரு பையன், "கல்யாணி!" என்றான். சங்கராபரணம் போல ஓடிக்கொண்டிருந்தது, இடையில் கல்யாணிக்குரிய உயர்ந்த ம, பிரதி மத்யமம், எட்டிப் பார்த்த இடம் அது. மேலைநாட்டுச் சங்கீதத்தில் அதை ராகம் மாறுவதாகச் சொல்லமாட்டார்கள், சுருதி மையம் ஐந்தாம் சுரத்துக்கு நகர்வதாகச் சொல்வார்கள். அதைப் பிறகு விளக்கலாம். காது பிடித்துவிட்டதே, எனக்கு அன்றைக்கு அது காணும்.

வயோலா என்றால் என்ன என்று எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. "பெரிய வயலின்" என்றுதான் பிள்ளைகள் சொன்னார்கள். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முழு அளவு வயலினின் உடல் 35 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். அவருடைய வயோலா 41. வயோலாவுக்கு இதுதான் அளவு என்று ஒன்று கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். வயலினைவிட ஐந்து சுரம் கீழே பேசவேண்டிய வாத்தியம் என்பதால், கணக்குப்படி பார்த்தால் வயலினைப் போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டுமாம். அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்கக் கை எட்டாது. அதனால் சின்ன உடலுக்குள் பெரிய குரலை அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த மூடினாற்போன்ற, தொண்டைக்குள்ளிருந்து வரும் நாதம் அதனால்தான். அவர் அடித் தந்தியை இழுத்தபோது, எங்கள் கணக்கில் அது மந்தர ச-வுக்கும் கீழே ஒரு ம, புத்தக அலுமாரியின் கண்ணாடி அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் அலுமாரியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அன்று நடந்த பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். வரவேற்புரையும் வாழ்த்துரையும் முக்கால் மணி நேரம் போயின. பிள்ளைகள் தரையில் களைத்துப் போனார்கள். அவருடைய வாத்தியம் அந்த வெக்கையில் திறந்து கிடந்தது. வாசிக்க எடுத்தபோது ஒரு பிருடை, தந்தியை இறுக்கும் மர ஆணி, நழுவித் தந்தி தளர்ந்து தொங்கியது. சோளக வெயிலில் மரம் சுருங்குவதால் பிருடை பிடிக்காது. மாரியில் அதே பிருடை ஊதி இறுகிவிடும். அவர் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்த ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார். குளிர்சாதன வாகனத்தில் வந்து இறங்கினால் பெட்டியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் நிழலில் அப்படியே வைப்பார். பேச்சு முழுவதையும் வாசிப்புக்குப் பின்னால் வைத்திருக்கவேண்டும். இதை அடுத்த முறை நான் முதலிலேயே கேட்டு வாங்குவேன்.

இரண்டாம் நாளைப் பற்றித்தான் எனக்குக் கனக்கச் சொல்ல இருக்கிறது.

எங்களிடம் 14 வயலின் உண்டு. பல காலத்தில் பல பேர் தந்தவை. வாசிக்கக்கூடியவை 9. மற்ற 5-ம் அலுமாரிக்குள் கிடந்தன. "பழுது" என்று ஒட்டுத்தாள் ஒட்டி நானே வைத்தேன். அவர் காலை எட்டு மணிக்கே அவற்றை மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றையும் எடுத்துக் காதுப்பக்கம் வைத்து மெல்ல ஆட்டினார். மூன்றில் உள்ளே ஏதோ உருண்டது. பென்சில் பருமனில் ஒரு சின்னத் தடி. வயலினின் மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், பசையில்லாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கவேண்டிய தடி அது. அதற்கு பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் வைத்திருக்கும் பேர் "ஆன்மா". அது விழுந்தால் வாத்தியத்துக்கு நாதமே இல்லை. அந்த நிலையில் தந்தியை இறுக்கினால் மேற்பலகை அமிழ்ந்து வெடிக்கவும் கூடும்.

ஏன் விழுந்தது? தூசி துடைப்பதற்கென்று நாங்கள் ஒரு முறை நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றியிருக்கிறோம். தந்திகளின் அழுத்தம் போனதும் தடி சாய்ந்துவிட்டது. தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதிதைப் போட்டு, ஓரளவு இறுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும். எத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், இதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. அவர் வளைந்த கம்பி போன்ற ஒரு கருவியால், ஓட்டை வழியாக அந்தத் தடியை நிமிர்த்தினார். முதலாவதுக்கு 20 நிமிடம் போனது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடி நின்றதும் கூட்டிவிட்டு ஒருதரம் வில்லை இழுத்தார். அவ்வளவு நாள் அலுமாரிக்குள் ஊமையாகக் கிடந்தது பேசியது. மத்தியானத்துக்குள் மூன்று வயலின் எழும்பிவிட்டன. கருவியையும் என்னிடமே தந்து, நானும் ஒன்றை நிமிர்த்திக் காட்டும்வரை நகரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், யாராவது "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் புது வாத்தியம் கேட்காதீர்கள். தந்தி, குதிரை, வில்லுக்குப் பூசும் ரோசின், அந்தக் கம்பி, அதைப் பழக்கிவிட ஒரு காலைநேரம், இவற்றைக் கேளுங்கள்.

பின்னேரம் வகுப்பு. பிள்ளைகள் 6 பேர் மட்டும். 30 பேரை விடச் சொல்லிப் பெற்றோர் கேட்டார்கள், எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனாலும் ஆளுக்கு 20 நிமிடமாவது கிடைக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றேன். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். அவர் வாத்தியத்தைப் பிடிக்கும் முறையை மாற்றவே இல்லை. நாங்கள் சம்மணமிட்டு இருந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி வாசிப்பதை அவர் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இப்படி ஊன்றினால்தானே இடது கை இவ்வளவு சுதந்திரமாக வழுக்க முடியும்" என்றார். சுரத்தை வழுக்கி அசைக்கும் கமகத்துக்கு அந்தக் கை வேண்டும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அவர் எடுத்துக்கொண்டது வில் பிடித்த கையை மட்டும்.

பத்தாம் தரத்துப் பையன் ஒருவன், நல்ல ஞானம், ஆனால் சத்தம் வேண்டுமென்று வில்லை அமத்துவான். கீச்சென்று கரகரக்கும். நான் இரண்டு வருடமாக "அமத்தாதை, அமத்தாதை" என்று சொல்லி அலுத்துவிட்டேன். அவர் அவனுடைய வலது முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்து, கையை அதில் விடச் சொன்னார். அவன் விடவில்லை. கை அந்தரத்தில் விறைத்து நின்றது. அவர் தன் உள்ளங்கையைச் சட்டென்று எடுத்தார். உண்மையிலேயே விட்டிருந்தால் கை விழவேண்டும். விழவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆங்கில ரீச்சர் "ரிலாக்ஸ், தளர்த்து" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் இன்னும் விறைத்தான். எனக்கு யன்னலுக்கு வெளியில் காவலாளி ஐயாவின் சாறம் கொடியில் தொங்குவது தெரிந்தது.

"தம்பி, அங்க பார். ஈரச் சாறம் கொடியை அமத்துதோ?"

"இல்லை ரீச்சர், தொங்குது."

"கொடி தாழ்ந்துதான் நிக்குது, என்ன? உன்ர கையையும் வில்லில அப்பிடித் தொங்கவிடு."

அடுத்த இழுவையில் ச வந்தது. மந்தர ச. கரகரப்பு இல்லாமல், அறை நிறைய. அவன் தானே பயந்து வில்லை எடுத்துவிட்டான். வயோலாவின் வில் 70 கிராம் இருக்கும், வயலின் வில் 60. வயோலாவின் தடித்த தந்தி சோம்பலாகத்தான் விழிக்கும், அமத்தி எழுப்ப முடியாது, பாரம் கொடுத்துக் காத்திருக்கவேண்டும் என்று அவர் விளக்கினார். தான் சிறுவயதில் வயலினிலிருந்து வயோலாவுக்கு மாறியபோது இதைப் பழகத்தான் நாள் எடுத்ததாம். இப்போது என் வகுப்பில் "சாறம்" என்று சொன்னால் காணும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி இதோடு சொல்லிவிடுகிறேன். வசனம் வசனமாக மொழிபெயர்த்தால் பிள்ளைகள் வாத்தியத்தைவிட்டு மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் எழுதிக் கொடுத்தோம்: வில், தந்தி, மெல்ல, பாரம், கேள், பாடு. "இன்னொருக்கா" என்பதுதான் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை வைத்தே பாதி வகுப்பை நடத்திவிட்டார்.

சுருதி சுத்தத்துக்கு அவர் காட்டிய வேலை மிகச் சின்னது. அப்பியாசக் கொப்பியில் விரல்நகம் அளவு தாளைக் கிழித்து, கூரை போல மடித்து, ஒரு பிள்ளையின் வயலினில் இரண்டாம் தந்தியின் மேல் உட்காரவைத்தார். அது திறந்த மத்திய ச. பிறகு பக்கத்து மூன்றாம் தந்தியில் அதே ச-வை விரல் வைத்து வாசிக்கச் சொன்னார். விரல் ஒரு மயிரிழை விலகியிருந்தால் தாள் சும்மா இருக்கிறது. சரியான இடத்தில் விழுந்தால் தொடாத தந்தி தானே அதிர்ந்து, தாள் துள்ளிக் கீழே விழுகிறது. ஒத்த சுருதிக்குத் தந்தி பதில் சொல்லும் என்பதை நான் எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வெறி பிடித்துவிட்டது. இடைவேளைக்கு மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. கருவி வேண்டாம், காசு வேண்டாம், கொப்பித் தாள் போதும். வில் பக்கத்துத் தந்தியில் உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூன்றாம் நாள் நாங்கள் அவருக்கு வாசித்தோம். பிள்ளைகள் நோட்டுஸ்வரம் ஒன்றை எடுத்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் செய்தவை அவை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். அதைச் சொன்னதும், இரண்டாவது சுற்றில் அவரும் சேர்ந்துகொண்டார். ஆனால் மெட்டை வாசிக்கவில்லை. பிள்ளைகள் மெட்டையும் ஒருத்தி அடியில் ச-வையும் பிடிக்க, நடுவில் ஒரு குரலை வாசித்தார். பாதியில் நிறுத்தினார். ஒருவரும் அவர் சேர்ந்ததைப் பெரிதாகக் கவனித்திருக்கவில்லை. நிறுத்தியதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டில் அம்மம்மா இல்லாத நாள் போல என்று ஒரு பிள்ளை சொன்னாள். பாக்கும் மோட்சார்ட்டும் பலரோடு கூடி வாசிக்கும்போது இந்த நடு வாத்தியத்தைத்தான் விரும்பி எடுத்தார்களாம். இரண்டு பக்கமும் கேட்கும் இடம் அதுதானே.

முள்ளியவளைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவனின் தாத்தா வந்திருந்தார். கோவலன் கூத்து ஆடிய மனிதர். மத்தளம் இல்லாமல், தாளம் மட்டும் போட்டு, ஒரு பாட்டைப் பாடினார். அவருடைய குரலும் வயோலாவின் நடுத் தந்திகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. அவர் பாட, வயோலா ஒரு சொல் பின்னால் நடந்தது. முடிந்ததும் கிழவர், "பிள்ளை நல்லாக் கேக்குது" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். வயோலாக் கலைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது பிள்ளைகள் ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொடுத்தார்கள். தின்ற கையோடு வாத்தியத்தைத் தொடக்கூடாது, பால் ஒட்டும் என்று அவர்களே அவருக்குச் சொல்லி, கை கழுவத் தண்ணீரும் அள்ளி ஊற்றினார்கள்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் கடைசிப் பாடத்தில் தாள்த் துண்டு வைக்கிறோம். ச-வை முடித்து ப-வுக்கு வந்துவிட்டோம். அவர் மாதம் ஒருமுறை பிள்ளைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு இரண்டு வரி எழுதுகிறார். திரும்பவும் வருகிறேன், கார்த்திகையில் நேரம் இருக்கிறது என்றார். கார்த்திகை வேண்டாம், பிருடை எல்லாம் இறுகிவிடும், தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் வயோலா ஒன்றும் கேட்காது, மாசியில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறேன்.